ஜெய்சல்மேர் போகிறோம்: கோட்டைக்குள் தங்குவதா, கீழே தங்குவதா?

கோமதி_நெல்லை
நவம்பர் 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறைக்கு ராஜஸ்தானில் இருக்கும் ஜெய்சல்மேர் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நான், கணவர், ஏழாம் வகுப்பு படிக்கும் மகன், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, ஆனால் வர மாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை. குதிரைமொழித் தேரி ஓரத்தில் பிறந்து வளர்ந்தவள். "செம்மணல் மேட்டில் விளையாடியவள் நான், அந்த மஞ்சள் மணலையும் ஒரு தடவை மிதித்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

எத்தனை நாள் வேண்டும், கோட்டைக்குள்ளேயே விடுதிகள் இருக்கின்றனவே அங்கே தங்கலாமா, சாம் மணல்மேட்டில் டெண்ட் போட்டுத் தங்குவது அம்மாவுக்கு ஒத்துவருமா, சாப்பாடு எப்படி? போய் வந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மணல்வழி
நவம்பர் 3, இரவு 11.15

நான் மூன்று முறை போயிருக்கிறேன், மறுபடியும் போவேன். குறைந்தது மூன்று இரவு வையுங்கள். நிறையப் பேர் ஜோத்பூரிலிருந்து ஒரே நாளில் ஓடி வந்து, கோட்டை வாசலில் படம் எடுத்து, சாயங்காலம் ஒட்டகம் ஏறி, மறுநாள் காலை கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம்.

தேதியை மட்டும் கொஞ்சம் தள்ள முடியுமா பாருங்கள். டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை ஊர் தாங்காது, அறை வாடகை மூன்று மடங்கு வரை கேட்பார்கள், கோட்டைச் சந்துகளில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். விடுமுறை தொடங்கிய அன்றே கிளம்பிவிட்டால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு ரயில் இருக்கிறது, மன்னார்குடியிலிருந்து பகத் கி கோத்திக்கும் வாரம் ஒன்று ஓடுகிறது, அதுவும் ஜோத்பூர்தான். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் ரயில் பயணம் என்பதால் அம்மாவுக்காக விமானத்தில் ஜோத்பூர் வரை வந்துவிடுங்கள். அங்கிருந்து ஜெய்சல்மேர் சாலை வழியாக 280 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஐந்து மணி நேரம். பகல் ரயிலும் நல்ல அனுபவம்தான், பொக்ரான் தாண்டியதும் மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து கடைசியில் புதர்தான் மிஞ்சும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜன்னல் ஓரம் மட்டும் மெல்லிய மணல் படிந்துகொண்டே இருக்கும், ஒரு துண்டு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுகன்யா_86
நவம்பர் 4, காலை 7.05

கோட்டைக்குள்தான் தங்க வேண்டும், வேறு பேச்சே இல்லை! நாங்கள் இரண்டு இரவு உள்ளே தங்கினோம். காலை ஏழேகாலுக்குப் பிறகுதான் அங்கே டிசம்பரில் சூரியன் வருகிறது. அதற்கு முன்னால் எழுந்து மொட்டை மாடிக்குப் போனால் லட்சுமிநாதர் கோயில் மணி, பக்கத்து வீட்டில் பால் காய்ச்சும் வாசனை, கீழே சந்தில் ஒரு மாடு, ஊர் முழுக்க இன்னும் சாம்பல் நிறம். அப்புறம் வெயில் பட்டதும் ஒவ்வொரு கொத்தளமாகப் பொன் நிறம் ஏறும். பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது. மக்கள் இன்னும் குடியிருக்கிற கோட்டை இது, வேலூர்க் கோட்டை மாதிரியோ செஞ்சி மாதிரியோ இல்லை. இந்தக் கோட்டையில் ஒருவர் வீட்டில் விருந்தாளியாக இருந்த மாதிரிதான் எங்களுக்கு இருந்தது.

கல்வேலை
நவம்பர் 4, மதியம் 1.30

சுகன்யா சொன்ன காலை நேரத்தை நானும் பார்த்திருக்கிறேன், அதன் அழகில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தயவுசெய்து கோட்டைக்குள் தங்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறவன்.

ராவல் ஜெய்சல் என்ற அரசர் 1156-இல் பழைய தலைநகரான லோதுர்வாவை விட்டு வந்து திரிகூட மலையில் இந்தக் கோட்டையைக் கட்டினார். 99 கொத்தளங்கள். ஆனால் மலை என்றதும் நம் ஊர்ப் பாறையை நினைக்கக் கூடாது. அடியில் இருப்பது மணற்கல்லும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்த மென்மையான அடுக்கு. காய்ந்திருக்கும் வரை அது கட்டடத்தைத் தாங்கும், நனைந்தால் களிமண் ஊதும், வழுக்கும், மேலே இருக்கும் சுவர் மெல்ல நகரும். ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் மழையே பெரிது என்கிற ஊர் அது. பெய்கிற அந்தக் கொஞ்ச மழையையும் உள்ளே நிற்க விடாமல் நாலு திசையிலும் வெளியே தள்ளிவிட 'குட் நாலி' என்று ஒரு வடிகால் அமைப்பு வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் கீழே கடீசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து வந்த தண்ணீர்தான் மேலே வீடுகளுக்கு. குடத்தில் சுமந்து வந்த தண்ணீரை யாரும் கொட்ட மாட்டார்கள்.

அப்புறம் குழாய் வந்தது, அதன் பின்னால் சுற்றுலா வந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு குளியலறை, ஷவர், கழிவறை, துணி துவைக்கும் இயந்திரம். போகிற தண்ணீருக்கு ஏற்ற சாக்கடை இல்லை, பழைய வடிகால்களின் மேல் கட்டடம் எழுந்துவிட்டது, இருக்கிற குழாய்களும் கசிகின்றன. அத்தனையும் இறங்குவது அடித்தளத்துக்குள்தான். உலக நினைவுச்சின்ன நிதியம் தன் ஆபத்துப் பட்டியலில் 1996, 1998, 2000 என்று மூன்று முறை இந்தக் கோட்டையைச் சேர்த்தது. கொத்தளங்கள் சரிந்திருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறில் ஒன்றாக இடம் கிடைத்தது. பட்டியலில் சேர்ந்ததால் களிமண் காய்ந்துவிடாது.

உள்ளே ஒரு சந்தில், கழிவுநீர்க் குழாய் இறங்கும் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தேன். இடுப்பு உயரம் வரை ஈரம் ஏறி, அதற்கு மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலை எடுத்தபோது கல் மாவாக ஒட்டிக்கொண்டு வந்தது. எண்ணூறு வருஷத்துக் கோட்டையின் கல். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சுகன்யா_86
நவம்பர் 4, மாலை 6.20

இது எனக்குத் தெரியாது, உண்மையாகவே தெரியாது. ஆனால் ஒரு கேள்வி. உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. அவர்களில் பலருக்கு அந்த ரெண்டு மூணு அறை வாடகைதான் வருமானம். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா, கணவர் இல்லாதவர், அந்த வாடகையில்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்ததாகச் சொன்னார். நாமெல்லாம் வர மாட்டோம் என்று நின்றுவிட்டால் அவர் என்ன செய்வார்? எல்லோரையும் கீழே இறக்கிவிட்டால் கோட்டை வெறும் காட்சிப் பொருளாகிவிடாதா? மக்கள் இருப்பதுதானே அதன் அழகு?

கல்வேலை
நவம்பர் 4, இரவு 8.45

குடியிருப்பவர்களை இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது அநியாயம். ஒரு குடும்பம் புழங்குகிற தண்ணீரை ஒழுங்கான சாக்கடை போட்டால் சமாளித்துவிடலாம். விடுதி புழங்குகிற தண்ணீர்தான் கணக்கை மீறுகிறது. நாம் ஊர் சுற்றி மணலோடு திரும்பி வந்து அரை மணி நேரம் வெந்நீரில் நிற்போம் இல்லையா, அதைச் சொல்கிறேன். அந்த அம்மாவின் வருமானம் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, கேட்டது நியாயம்தான்.

ஜோத்பூர்வாசி
நவம்பர் 4, இரவு 10.10

வேலை நிமித்தம் ஒன்பது வருஷமாக ஜோத்பூரில் இருக்கிறேன், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை ஜெய்சல்மேருக்கு அழைத்துப் போவதே என் பொறுப்பாகிவிட்டது. நாங்கள் செய்வது இதுதான்: படுக்கையும் குளியலும் கீழே, மற்ற எல்லாச் செலவும் மேலே. கோட்டையை அண்ணாந்து பார்க்கிற மாதிரி கீழே எத்தனையோ சின்ன விடுதிகள் உண்டு, மாடியிலிருந்து பார்த்தால் முழுக்கோட்டையும் தெரியும், உள்ளே தங்குகிறவர்களுக்கு அது தெரியாது. அப்புறம் காலை உணவுக்கு மேலே போய்விடுங்கள், டீயும் மதியச் சாப்பாடும் அங்கேயே. வழிகாட்டியாக உள்ளேயே குடியிருக்கும் ஒருவரை வையுங்கள், சால்வை, தோல் பை, வெள்ளி எது வாங்கினாலும் உள்ளே வீட்டு வாசலில் கடை போட்டிருக்கும் பெண்களிடம் வாங்குங்கள். சுகன்யா மேடம் சொன்ன காலை வெளிச்சமும் கிடைக்கும், கோட்டை வாசல் பூட்டிக் கிடக்காது, ஆறரைக்கே நடந்து ஏறிவிடலாம்.

கோமதி அக்கா, அம்மாவுக்கு ஒரு விஷயம். அகாய் போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நாலு வாசல் தாண்டி ஏறும் பாதை கல் பாவிய ஏற்றம், தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். ஆட்டோவில் தசரா சதுக்கம் வரை போய்விடலாம், அங்கிருந்து எல்லாம் சமதளம் மாதிரிதான். சமணக் கோயில்களுக்கு மதியத்துக்கு முன்னால் போய்விடுங்கள். ஏழு கோயில்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகலாம், தோல் பொருள் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, பெல்ட் உட்பட. அங்கே உள்ள ஞானபண்டார் என்கிற நூலகத்தில் பழைய பனையோலைச் சுவடிகள் இருக்கின்றன. பனை இல்லாத ஊரில் பனையோலை, யோசித்துப் பாருங்கள், எங்கிருந்தெல்லாம் வந்திருக்கும்!

பட்வா ஹவேலியில் படிக்கட்டு குறுகல், செங்குத்து. அம்மாவைக் கீழே முற்றத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள். உண்மையில் வெளியே சந்தில் நின்று முகப்பைப் பார்ப்பதுதான் முக்கியம். குமான் சந்த் பட்வா என்ற வணிகர் 1805-இல் தொடங்கி, அடுத்தடுத்து ஐந்து மாளிகைகள். நத்மல் ஹவேலியையும் விட்டுவிடாதீர்கள், ஹாத்தி, லூலு என்று இரண்டு சகோதரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் செதுக்கினார்கள், தூரத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், கிட்டே போய் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தால் எதுவும் ஒன்றுபோல இருக்காது. உங்கள் மகனை வேறுபாடு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

ராம்நாடு_பாண்டி
நவம்பர் 5, காலை 6.30

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் கண்மாய்ப் பாசன ஊர்க்காரன். ஜெய்சல்மேரில் எனக்குக் கோட்டையைவிடப் பெரிதாகத் தெரிந்தது கடீசர் ஏரிதான். வரத்துக்கு ஆறு கிடையாது. சுற்றிலும் கிடக்கும் கல்தரையில் எப்போதாவது பெய்கிற மழையை அப்படியே ஓடவிட்டு ஒரு பள்ளத்தில் பிடித்து, ஒரு நகரத்துக்கே பல நூறு வருஷம் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். படித்துறை, மண்டபம், கரையில் கோயில் எல்லாம் பார்த்தபோது நம் ஊர் ஊருணி நினைவு வந்து தொண்டை அடைத்துக்கொண்டது.

நுழைவு வாசலுக்குத் தீலோன் போல் என்று பெயர். தீலோன் என்ற ஒரு கணிகை தன் காசில் கட்டியது. ராணிகள் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் இப்படி ஒருத்தி கட்டிய வாசலா என்று அரண்மனையில் முணுமுணுப்பு எழுந்ததாம், இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் மேலே ஒரு கிருஷ்ணர் சிலையை வைத்துக் கோயிலாக்கிவிட்டாளாம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, வாசல் நிற்கிறது, அவள் பெயரும் நிற்கிறது.

அப்புறம் குல்தாரா. பேய் ஊர் என்று சொல்லி யூடியூபில் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். நகரத்திலிருந்து 18 கிலோமீட்டர், பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து 19-ஆம் நூற்றாண்டில் கைவிட்டுப் போன ஊர். திவான் சலீம் சிங் ஒரு பெண்ணைக் கேட்டதால் 84 கிராமமும் ஒரே இரவில் கிளம்பிவிட்டது என்பது கதை. தண்ணீர் வற்றியதும், தாங்க முடியாத வரியும், ஒருவேளை நிலநடுக்கமும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஊரில் பார்க்க வேண்டியது பேயை இல்லை, அவர்கள் வெள்ளாமை செய்த விதத்தை. 'கடீன்' என்று பெயர். சரிவான நிலத்துக்குக் குறுக்கே நீளமாக ஒரு மண் கரை. மழைத் தண்ணீர் கரைக்குப் பின்னால் தேங்கும், மெல்ல மண்ணுக்குள் இறங்கும், தண்ணீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதற்கு மேல் ஒரு சொட்டு பாய்ச்சுவது கிடையாது. இன்றைக்கும் அந்தப் பக்கம் கடீன் விவசாயம் நடக்கிறது, டிசம்பரில் போனால் பாலைவனத்து நடுவில் திடீரென்று ஒரு பச்சை வயல் தெரியும். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பாருங்கள் தங்கச்சி.

கோமதி_நெல்லை
நவம்பர் 5, இரவு 9.00

ஒரு ஊருக்குப் போவதற்கு முன்னால் இவ்வளவு தெரிந்துகொண்டது இதுதான் முதல் தடவை. கீழேயே அறை போட்டுவிட்டோம், கோட்டை தெரிகிற மாடி இருக்கிறதாம். சாம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே?

மணல்வழி
நவம்பர் 6, காலை 8.15

சாம் மணல்மேடு மேற்கே 40 கிலோமீட்டர். மணல் அழகானது, அதில் மறுப்பில்லை, ஆனால் முதல் முறை போனபோது எங்களுக்கு வாய்த்த கூடாரம் மோசம். படத்தில் காட்டியது தனிமையான மணல்மேடு, கிடைத்தது சாலையோரம் வரிசையாக நூறு டெண்ட், இரவு பதினோரு மணி வரை ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. ஜீப்பில் மணலில் ஏற்றி இறக்குகிறார்கள், முதுகு வலி உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது, அம்மாவை ஏற்றாதீர்கள். முன்பணம் முழுவதும் கொடுத்திருந்ததால் எங்களால் கிளம்பி வரவும் முடியவில்லை.

அடுத்த முறை குரி பக்கம் போனோம். தென்மேற்கே கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், கிராமம், மண்வீடுகள், கூட்டம் குறைவு. கேட்டுப் பேசும்போதே ஸ்பீக்கர் இல்லை என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழப் போவார், அம்மாவுக்கு ஒட்டக வண்டி கேளுங்கள், இருக்கிறது.

மாங்கணியார் பாட்டை எப்படியாவது கேட்டுவிட்டு வாருங்கள். முஸ்லிம் குடும்பங்கள், தலைமுறைகளாக ராஜபுத்திர வீடுகளில் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடுகிறவர்கள், கிருஷ்ணரைப் பற்றியும் பாடுவார்கள், சூஃபிப் பாட்டும் பாடுவார்கள். கமாய்ச்சா என்ற வில்வாத்தியம் வட்டமான பெரிய வயிறு உள்ளது, தோல் போர்த்தியிருக்கும். அதை ஒரு பெரியவர் எங்களுக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து வாசித்தார், நாண் இழுபடும்போது வருகிற அந்தக் கரகரப்பு வயிற்றுக்குள் கேட்டது. கேட்டுவிட்டு நூறு ரூபாயை நீட்டிவிட்டு நகராதீர்கள், அது அவர்கள் தொழில், நன்றாகக் கொடுங்கள்.

கானமயில்_தேடி
நவம்பர் 6, மதியம் 2.40

அந்தச் சாம் போகும் வழியிலேயே பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது, யாரும் நிறுத்துவதில்லை. 3,162 சதுர கிலோமீட்டர். கானமயில் என்கிற பெரிய பறவை இயற்கையில் மிஞ்சியிருப்பதே 150-க்கும் குறைவு, அதில் பெரும்பகுதி இந்த ஜெய்சல்மேர் மாவட்டத்தில். ஒரு காலத்தில் நம் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் இருந்த பறவை, பெயர் மட்டும்தான் நமக்கு மிச்சம். அங்கே அதை கோடாவண் என்கிறார்கள். பதினைந்து கிலோ வரை எடை, முன்பக்கப் பார்வை குறைவு, பறக்கும்போது உயர்மின் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் மோதி விழுகிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் வந்த பிறகு கம்பிகள் பெருகிவிட்டன. படாபாக்கில் உள்ள சத்ரிகளுக்கு, அதாவது அரச குடும்பத்து நினைவு மண்டபங்களுக்குப் பின்னால் காற்றாலைகள் சுழல்வதைப் பலர் அழகாகப் படம் எடுக்கிறார்கள், எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பறவைதான் நினைவுக்கு வரும். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் அங்கே ஒரு குஞ்சு பொரித்தது, அது பெரிய நம்பிக்கை. விடியற்காலையில் வனத்துறை அனுமதியோடு போங்கள். பார்க்கக் கிடைக்காமலும் போகலாம், அதனால் ஓட்டுநரிடம் காசு கொடுத்துக் கிட்டே விரட்டச் சொல்லாதீர்கள்.

ஜோத்பூர்வாசி
நவம்பர் 7, இரவு 9.55

சாப்பாடு விட்டுப்போய்விட்டது. கேர் சாங்ரி கட்டாயம் சாப்பிடுங்கள். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்துக் காய். கேஜ்ரி வேறு எதுவும் இல்லை, நம் வன்னி மரம்தான், விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, அதே மரம். நாம் சுற்றி வந்து கும்பிடுகிறோம், அவர்கள் கும்பிடவும் செய்கிறார்கள், காயைக் காய வைத்துப் பஞ்ச காலத்துக்கும் வைத்துச் சமைக்கிறார்கள். லேசான புளிப்பும் கசப்பும், கம்பு ரொட்டியோடு அருமை. நெய் தாராளமாக ஊற்றுவார்கள், அம்மாவுக்கு வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். சாதம் கிடைக்கும், நம் ஊர்ச் சாம்பார் தேடி அலைய வேண்டாம், கடி என்கிற மோர்க்குழம்பு கிட்டத்தட்ட நம்முடையதுதான்.

நாலாவது நாள் இருந்தால் தனோட் மாதா கோயில், 120 கிலோமீட்டர், வழியில் லோங்கேவாலா. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் டிசம்பர் 4 இரவு முழுக்கச் சண்டை நடந்த இடம். ராத்திரிக் குளிர் ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்கும், கம்பளி சரியாக எடுத்துப் போங்கள்.

கோமதி_நெல்லை
ஜனவரி 4, இரவு 10.20

திரும்பி வந்து ஒரு வாரமாகிறது. எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை.

கீழே தங்கினோம், தினமும் ஆறரைக்கு இருட்டோடு மேலே ஏறினோம், அம்மா ஆட்டோவில். சுகன்யா, நீங்கள் சொன்ன அந்தப் பால் வாசனை அப்படியே இருந்தது. வீட்டு வாசலில் டீ போட்டுக் கொடுக்கும் ஒரு அம்மாவிடம் மூன்று நாளும் உட்கார்ந்தோம், என் அம்மாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, முழங்கால் வலியைப் பற்றி இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். கிளம்பும்போது அவர் கையால் பின்னிய ஒரு சின்னப் பையை அம்மா மடியில் வைத்துவிட்டுக் காசு வாங்கவே மாட்டேன் என்றார்.

கல்வேலை, அந்தச் சுவரை நாங்களும் பார்த்தோம். மகன் விரலை வைத்துவிட்டு, "அம்மா, நாம் இங்கே குளிக்கவில்லை இல்லையா" என்று கேட்டான்.

பாண்டி அண்ணன், குல்தாரா போகும் வழியில் கடீன் வயல் கண்டுபிடித்துவிட்டோம். கோதுமை முழங்கால் உயரம். கரை மேல் நடந்து பார்த்தோம், ஓட்டுநர்தான் ஏன் இங்கே இறங்குகிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கானமயில் தெரியவில்லை. காட்டுப் பக்கம் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம், நரி ஒன்று பார்த்தோம்.

குரியில் வண்டி மணல் ஓரத்தில் நின்றது. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி பத்தடி நடந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு கைப்பிடி அள்ளி விரலிடுக்கில் மெல்ல ஒழுக விட்டாள், மறுபடி அள்ளினாள். "நம்ம தேரி மணலைவிட இது கைக்குக் குளிர்ச்சியா இருக்குடி" என்றாள். சூரியன் இறங்கி, ஒட்டகக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போய், குளிர ஆரம்பித்த பிறகும் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம்.